ஊட்டிக் குளிரில் குட்டி ரோபோ: பம்பைத் திட்டுவதற்கு முன்னால்

ஒரு மில்லிமீட்டருக்கு அரை மில்லிமீட்டர் அளவுள்ள ரெசிஸ்டர்களை எடுத்து சர்க்யூட் போர்டில் வைக்கும் பிக் அண்ட் பிளேஸ் ரோபோவைக் கோயம்புத்தூரில் ஓட்டிப் பார்த்து வாங்கி, மேட்டுப்பாளையம் வழியாக ஊட்டிக்கு ஏற்றி வந்து ஆன் செய்தால், 'பார்ட் எடுக்கவில்லை' என்று வரிசையாக எரர் காட்டிக்கொண்டு நிற்கும். உடனே காற்றை உறிஞ்சும் பம்ப் போச்சு என்று முடிவு கட்டி, பார்ட்டைத் தூக்கும் குழாய் நுனியான நாசிலை மாற்றி, விற்றவரோடு சண்டை போட்டு, கடைசியில் பெரிய பம்பாக ஒன்று வாங்குவார்கள். தண்டச் செலவு.

கோளாறு செட்டிங்கில்தான். கடல் மட்டத்தில் காற்றழுத்தம் சுமார் 101 கிலோபாஸ்கல், 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் அது சுமார் 77தான். நாசில் எதையும் இழுத்துப் பிடிப்பதில்லை, வெளியே இருக்கும் காற்றுதான் பார்ட்டை நாசிலோடு சேர்த்து அழுத்துகிறது, அதனால் எவ்வளவு விலையுயர்ந்த பம்பாக இருந்தாலும் இங்கே 77க்கு மேல் காட்ட முடியாது. கீழே செட் செய்தவர் 'மைனஸ் 80 (வெளிக்காற்றைவிட 80 கிலோபாஸ்கல் குறைவு) வந்தால் பார்ட் ஒட்டியிருக்கிறது' என்று எழுதி வைத்திருந்தால், பார்ட் நாசிலில் ஒட்டிக்கொண்டு இருக்கும்போதே மெஷின் இல்லை என்று சொல்லும். கொடைக்கானலிலும் இதே கதைதான்.

பிடி தளர்ந்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம். 0.3 மில்லிமீட்டர் துளையுள்ள நாசிலில் 60 கிலோபாஸ்கல் வித்தியாசம் கிடைத்தாலே சுமார் 0.4 கிராம் எடையைத் தாங்கும். அந்த ரெசிஸ்டரின் எடை ஒரு மில்லிகிராம்கூட வராது. ஆகவே ஒவ்வொரு நாசிலிலும் பார்ட் இருக்கும்போது ஒருமுறை, இல்லாதபோது ஒருமுறை சென்சார் என்ன காட்டுகிறது என்று குறித்துக்கொண்டு, இரண்டுக்கும் நடுவில் எல்லையை வையுங்கள். எல்லா நாசிலுக்கும் ஒரே எண்ணைப் போடாதீர்கள், துளை சிறுத்தால் அந்த இரண்டு அளவுக்கும் உள்ள வித்தியாசமும் சுருங்கிவிடும்.

அடுத்தது, எடுப்பதிலேயே கண்ணாக இருந்துவிட்டு விடுவதை மறப்பது. ஒரு பொருளை எல்லாப் பக்கமும் பத்தில் ஒன்றாகச் சுருக்கினால் எடை ஆயிரத்தில் ஒன்றாகிவிடும், ஆனால் ஒட்டும் விசைகள் அந்த அளவுக்குக் குறையாது. அதனால் உறிஞ்சுவதை நிறுத்தினாலும் பார்ட் நாசில் நுனியிலேயே தொங்கும், போர்டில் வைத்த மாதிரி இருக்கும், தலை மேலே போகும்போது அதுவும் கூடவே போய்விடும். லேசாக ஒரு ஊதல் கொடுத்து, தலையை உடனே தூக்காமல் கொஞ்சம் நிறுத்தி வைத்தால் போர்டில் தடவியிருக்கும் சோல்டர் பேஸ்டின் (ஈயப்பற்றுப் பசை) பிசுபிசுப்பே பார்ட்டைப் பிடித்துக்கொள்ளும். பலமாக ஊதினால் பக்கத்தில் வைத்ததும் சேர்ந்து பறக்கும், அது வேறு வேலை.

மழைக்காலத்தில் மேகம் ஜன்னல் வழியாக உள்ளேயே வந்துவிடும் ஊர் இது. ஈரம் ஏறினால் பார்ட்டுக்கும் நாசிலுக்கும் நடுவே நீர்ப்படலம் உருவாகி ஒட்டும். சரி என்று பனிக்காலத்தில் ஹீட்டரைப் போட்டு அறையைச் சூடாக்கினால் காற்று வறண்டு, ஸ்டாட்டிக் ஏறி, பார்ட் அடுக்கி வரும் டேப்பின் பிளாஸ்டிக்கோடு குதித்து ஒட்டிக்கொள்ளும். ஈரப்பதத்தை 40 முதல் 60 சதவீதத்துக்குள் வையுங்கள், மெஷினுக்கு எர்த் கட்டாயம். குளிர்ந்த ஊர்தானே என்று ஐசி பாக்கெட்டைத் திறந்து போட்டுவிடுவதும் தப்பு. பாக்கெட்டில் எம்எஸ்எல் 3 (ஈரத்தைத் தாங்கும் தரத்தின் எண்) என்று போட்டிருந்தால், திறந்த பிறகு 30 டிகிரி, 60 சதவீத ஈரப்பதத்தைத் தாண்டாத அறையில் 168 மணி நேரம்தான் கணக்கு. ஈரம் குடித்த ஐசி, சோல்டரை உருக்கும் ரீஃப்ளோ சூட்டில் உள்ளுக்குள்ளேயே வெடிக்கும். பிரிட்ஜிலிருந்து எடுத்த சோல்டர் பேஸ்டையும் அறைச் சூட்டுக்கு வரும் முன் திறக்காதீர்கள், உள்ளே நீர் கோர்த்துவிடும்.

காலையில் 8 டிகிரி, மதியம் 20 என்பது இங்கே சாதாரணம். 40 சென்டிமீட்டர் அலுமினியச் சட்டம் அந்த 12 டிகிரியில் சுமார் 110 மைக்ரான் நீளும். 0.3 மில்லிமீட்டர் அகலமுள்ள பார்ட்டுக்கு அது மூன்றில் ஒரு பங்கு! காலையில் கேலிபரேட் செய்துவிட்டு மதியம் பார்ட் கோணலாக உட்காருகிறது என்று புலம்பாமல், அறை சூடேறி நிலைத்ததும் இன்னொரு முறை செய்யுங்கள்.

அளவு எண்ணையும் பார்த்து வாங்குங்கள். இன்ச் கணக்கில் 0402 என்றால் 1.0 x 0.5 மில்லிமீட்டர், மெட்ரிக் கணக்கில் அதே எண் 0.4 x 0.2. நாசில் செட்டே மாறிவிடும்.

அப்புறம், உதிரியாகக் கலந்துபோன பார்ட்டுகளைக் கேமரா வைத்துப் பிரிக்கலாம் என்ற ஆசை. நம்ம ஊர் டீ ஃபேக்டரியில் கலர் சார்ட்டர் காம்பையும் தூளையும் நிறம் பார்த்து, வேண்டாததைக் காற்றால் ஊதித் தள்ளுகிறதே, அதையே இங்கேயும் செய்யலாமே என்று தோன்றும். ஆனால் இந்தச் சின்ன செராமிக் கெப்பாசிட்டரில் மதிப்பே அச்சடித்திருக்காது, 100 நானோஃபாரடும் 10 நானோஃபாரடும் ஒரே மாதிரி இருக்கும். ஒவ்வொன்றையும் புரோபில் தொட்டு அளந்தால்தான் தெரியும், அதற்கு ரோபோ கட்டுவதைவிட அந்த டப்பாவைக் குப்பையில் கொட்டிவிட்டுப் புது டேப் வாங்கிவிடுங்கள்.