கிணற்றுக்குள் ஆடுகிறவளிடம் மூச்சை இழுக்கச் சொல்லாதீர்கள்

போன சித்திரையில் கோபிசெட்டிபாளையம் பக்கம் ஒரு தோட்டத்துக் கிணற்றில், பரதம் படித்த ஒரு பெண்ணை இரண்டு பையன்கள் தண்ணீருக்குள் வைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் படியில் உட்கார்ந்து பார்த்தேன். ஒரு காலத்தில் நான் அடித்த கூத்தையெல்லாம் வரிசை மாறாமல் அடித்தார்கள். கேமராவின் தண்ணீர் புகாத உறையைச் சரியாகப் பூட்டு, லென்ஸைத் துடை என்பதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. ஒரு கேமரா நனைந்தால் அந்தப் புத்தி தானாக வரும்.

மூச்சு

"நல்லா மூச்சு இழுத்துப் புடிச்சுக்கங்கக்கா" என்றான் கேமரா வைத்திருந்தவன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நெஞ்சு நிறையக் காற்றோடு இறங்கினால் உடம்பு கீழே நிற்காது. நீச்சல் பழகும்போது நம் முதுகில் கட்டிவிட்ட சுரைப்புருடையை இந்தப் பெண் நெஞ்சுக்குள் வைத்திருக்கிறாள், அவ்வளவுதான். மேலே வராமலிருக்கக் கையைத் துழாவுவாள். துழாவுகிற கையில் முத்திரை எங்கே நிற்கும்? கன்னம் உப்பி, கழுத்து நரம்பு புடைத்துவிடும். உடனே அடுத்த யோசனை வரும்: இடுப்பில் எடை கட்டலாம். ஆறு கெஜம் சேலை காலைச் சுற்றியிருக்கிற ஒருத்திக்கு எடை கட்டுவதைப் பற்றி நான் பேசவே விரும்பவில்லை.

மூன்றாவது யோசனைதான் மோசம். அதை நானே செய்திருக்கிறேன். பல்லடம் பக்கத்துக் கிணறு. மேல்படியில் அந்தப் பெண்ணின் அம்மா துண்டோடு உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்து எடுத்த படம் அத்தனையிலும் உப்பின கன்னம். வேகவேகமாக இருபது தடவை மூச்சு விட்டால் ரொம்ப நேரம் தம் பிடிக்கலாம் என்று யாரோ சொன்னதை நம்பி, அப்படியே செய்யச் சொன்னேன். நிஜமாகவே நேரம் கூடியது. நான்காவது முழுக்கில் முகம் தளர்ந்தது, விரல்கள் பூ மாதிரி மெல்ல விரிந்தன. என்ன அழகு என்று இன்னும் இரண்டு படம் எடுத்தேன். அவள் மயங்கியிருந்தாள்.

தோட்டக்காரர் மகன் குதித்துத் தூக்கினான். இருமி, கண்ணைத் திறந்தாள். "என்னாச்சு அம்மிணி, என்னாச்சு" என்று அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். அந்த இரண்டு படமும் நன்றாகத்தான் வந்திருந்தன. அழித்துவிட்டேன்.

நமக்கு மூச்சு முட்டுவது பெரும்பாலும் ஆக்சிஜன் குறைவதால் அல்ல, ரத்தத்தில் கரியமில வாயு கூடுவதால். வேகமாக மூச்சு விட்டால் அந்த வாயு வெளியேறிவிடும், எச்சரிக்கை மணி அடிக்காது. ஆக்சிஜன் மட்டும் குறைந்துகொண்டே போய், எந்த அறிகுறியும் இல்லாமல் மயக்கம் வரும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களும் இப்படிப் போயிருக்கிறார்கள்.

இப்போது நான் சொல்வது இதுதான்: சாதாரணமாக ஒரு மூச்சு இழுங்கள், மேலேயே பாதியை விட்டுவிடுங்கள், உடம்பு தானாக இறங்கும். பத்து விநாடி, மிஞ்சினால் பதினைந்து. பிறகு ஒரு நிமிடத்துக்குக் குறையாமல் படியைப் பிடித்து ஓய்வு. தண்ணீருக்குள் அவளை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க ஓர் ஆள் வேண்டும். அவர் கையில் கேமரா கூடாது, முந்தானை விரித்துவிடுகிற வேலையும் கூடாது. இவ்வளவையும் அந்தப் பையனிடம் சொன்னேன். "வீடியோவுல வேற மாதிரி சொல்றாங்களேண்ணா" என்றான்.

அரைமண்டி

முட்டியைப் பக்கவாட்டில் மடக்கிப் பாதி உட்கார்ந்த பரத நிலைதான் அரைமண்டி. அதற்குத் தரை வேண்டும். எடை கீழே இறங்கி, அதைத் தொடை தாங்குவதுதான் அதன் அழகு. தண்ணீரில் எடையே தெரியாது; முட்டி மடக்கி மிதக்கிற மாதிரிதான் படத்தில் இருக்கும். பாதத்தால் தரையைத் தட்டி ஆடுகிற தட்டடவுக்கும் அதே கதி. வள்ளி கும்மி ஆடுகிற பெண்களை ஒரு முறை இறக்கிப் பார்த்தேன். கை தட்டுவதற்குள் தண்ணீர் வேகத்தைத் தின்றுவிட்டது.

நிலையைப் பிடித்து நிற்கச் சொல்லாதீர்கள். முதலில் கிணற்று மேட்டில் ஆடச் சொல்லிப் பாருங்கள். ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்குப் போகிற வழியில் கை விரிவது, இடுப்பு திரும்புவது, தலை பின்னால் சாய்வது, இவைதான் உள்ளே உயிரோடு வரும்.

ஆட்டோ ஸ்டார்ட்டர்

கிணற்று மோட்டாரில் இது இருந்தால், மும்முனை கரண்ட் வந்ததும் நீங்கள் உள்ளே இருக்கும்போதே மோட்டார் தானாக ஓடும். பியூசைப் பிடுங்கி உங்கள் பையில் வைத்துக்கொண்டு இறங்குங்கள்.

வெளிச்சம்

நம்மூர்க் கிணறு ஆழம். பதினோரு மணிக்கு முன்னால் வெயில் தண்ணீரைத் தொடாது, ஒரு மணிக்கு மேல் சுவரேறிவிடும். ஆறு மணிக்கே வந்து பெண்ணைக் குளிரில் நடுங்க விடாதீர்கள்.

புளோரிடாவின் சில்வர் ஸ்பிரிங்ஸில் புரூஸ் மோசர்ட் 1930களின் கடைசியிலிருந்து எடுத்த நீரடிப் படங்களைக் காட்டி, இதே மாதிரி வேண்டும் என்பார்கள். அது கண்ணாடி மாதிரி ஊற்றுத் தண்ணீர். நம்முடையது பாசி படிந்தது. பத்தடி தள்ளி நின்றால் பச்சைப் புகைதான். கிட்டே போங்கள், அகலக் கோண லென்ஸ் போடுங்கள். தட்டைக் கண்ணாடி வைத்த உறையில் எல்லாம் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும். நீட்டின கை வெட்டுப்படும். சிவப்பைத் தண்ணீர் முதலில் விழுங்கும், அதனால் மேலே ஐந்தடிக்குள்ளேயே எடுங்கள்.

புதுச்சேலை

அலசாமல் இறக்காதீர்கள். திருப்பூருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு சாயம் போகும் என்று நான் சொல்ல வேண்டியிருக்கிறது.

சலங்கை

கழற்றி வைக்கச் சொல்லுங்கள். தோல் ஊறிக் கெட்டுவிடும், அப்புறம் அவளுடைய டீச்சருக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.