மொய் லேப்டாப்பை மாற்றுவது எப்படி?

எங்கள் உசிலம்பட்டிப் பக்கம் 'செய்முறை' என்றால் யாரும் சமையல் குறிப்பை நினைக்க மாட்டார்கள். யார் வீட்டு விசேஷத்துக்கு யார் எவ்வளவு செய்தார்கள், திருப்பி எவ்வளவு செய்ய வேண்டும் என்கிற கணக்கு அது. முன்பெல்லாம் நீள நோட்டில் எழுதினோம். இப்போது மண்டப வாசலில் ஒரு மேஜை, ஒரு லேப்டாப், பஸ் டிக்கெட் மாதிரி சீட்டு அடிக்கும் சின்ன பிரிண்டர். அந்த மேஜையில் உட்காருகிறவன் நான். மற்ற நாட்களில் பத்திரிகை, நோட்டீஸ் அடித்துக் கொடுக்கும் டிடிபி கடை.

பதினோரு வருடம் உழைத்த லேப்டாப்பை இந்த ஆடியில் மாற்றினேன். இப்போதுதான் முதல் தடவையாக மாற்றப் போகிறவர்களுக்காக, செய்த வரிசையிலேயே எழுதுகிறேன். நீங்கள் மொய் எழுதுகிறவராக இருக்க வேண்டியதில்லை. வீட்டுக் கணக்கோ, பிள்ளைகளின் போட்டோவோ, வேலை ஒன்றுதான்.

முதலில், மாற்றத்தான் வேண்டுமா?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. அன்றோடு லேப்டாப் நின்றுவிடாது, ஓடும். ஆனால் பாதுகாப்பு அப்டேட் வழக்கம்போல் வராது. விண்டோஸ் 11-க்குப் போகலாமா என்று பார்க்க, செட்டிங்ஸில் சிஸ்டம், அதில் கடைசியாக இருக்கும் அபௌட்டைத் திறந்து பிராசஸர் பெயரைப் படியுங்கள். இன்டெல் என்றால் ஐ3, ஐ5-க்குப் பின்னால் ஒரு எண் இருக்கும். என்னுடையது 5005, அதாவது 5-ஆம் தலைமுறை. விண்டோஸ் 11 பொதுவாக 8-ஆம் தலைமுறையிலிருந்துதான் ஏற்றுக்கொள்ளும். 8130 என்று இருந்தால் தப்பித்தீர்கள்.

அப்படித் தப்பித்தவர்கள் புதிது வாங்க அவசரப்பட வேண்டாம். பழைய சுழலும் ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு சுழலாத, வேகமான டிஸ்கான எஸ்எஸ்டி போட்டு, ரேமை 8 ஜிபி ஆக்கினாலே ஆள் மாறிவிடும். கடைக்காரர் புதிதைத்தான் காட்டுவார். அது அவர் தொழில்.

வாங்கும்போது

இதை நீட்ட விரும்பவில்லை. முடிந்தால் 16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி பாருங்கள். மெல்லிசான மாடல்கள் பலவற்றில் ரேம் போர்டோடு பற்ற வைத்து வரும், பின்னால் கூட்ட முடியாது. அதைக் கேட்டுவிட்டே பணத்தை எடுங்கள்.

யாரும் சொல்லாத ஒன்று இருக்கிறது: கீபோர்டின் வலது ஓரத்தில் தனி எண் பட்டன்கள். 14 அங்குல லேப்டாப்பில் பெரும்பாலும் அது இருக்காது, 15.6 அங்குலத்தில் பெரும்பாலும் இருக்கும். 501, 1001, 2001 என்று நாள் முழுக்க அடிக்கிற கைக்கு அது இல்லாவிட்டால் சாப்பாட்டுப் பந்தி முடிவதற்குள் விரல் செத்துவிடும். மதுரை டவுன்ஹால் ரோட்டில் அழகான 14 அங்குலம் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, இந்த ஒரே காரணத்துக்காகத் திரும்ப வைத்துவிட்டு வந்தேன்.

பழையதில் என்ன இருக்கிறது என்று எழுதுங்கள்

புது லேப்டாப் பெட்டியைப் பிரிக்காதீர்கள். ஒரு வெள்ளைத்தாளை எடுத்துக்கொண்டு பழையதன் முன்னால் உட்காருங்கள்.

டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ். இந்த நான்கையும் எல்லோரும் காப்பி செய்வார்கள். விட்டுப்போவது வேறு இடங்களில் இருக்கும். மொய் சாஃப்ட்வேர், கடைக் கணக்கு சாஃப்ட்வேர் போன்றவை தங்கள் டேட்டாவை சி டிரைவிலோ டி டிரைவிலோ தனி ஃபோல்டரில் வைத்திருக்கும். டெஸ்க்டாப்பில் தெரிவது வெறும் ஷார்ட்கட். அதை மட்டும் காப்பி செய்வது வீட்டை விட்டுவிட்டு கதவு எண்ணை எடுத்துப் போவது போல. அந்த சாஃப்ட்வேருக்குள்ளேயே 'பேக்கப்' என்று ஒரு பட்டன் இருக்கும், அதையே பயன்படுத்துங்கள். லைசென்ஸ் அந்த மெஷினோடு கட்டப்பட்டதா, பழையதில் விட்டுக்கொடுத்துவிட்டுப் புதியதில் எடுக்க வேண்டுமா என்று விற்றவரிடம் போனில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்து பிரவுசர். அதில் சேமித்த பாஸ்வேர்டுகள் உங்கள் கூகுள் கணக்கோடு ஒத்திசைகிறதா என்று பாருங்கள். அந்தக் கணக்குக்கு ஓடிபி வரும் போன் நம்பர் இன்றும் உங்களிடம் இருக்கிறதா என்பது அதைவிட முக்கியம்.

அப்புறம் எழுத்துரு. இதற்குத்தான் இந்தப் பதிவே.

முதல் லேப்டாப்பிலிருந்து இரண்டாவதுக்கு மாறியபோது எல்லா எக்செல் ஃபைலையும் பென்டிரைவில் போட்டுக் கொண்டுவந்துவிட்டேன் என்று நிம்மதியாக இருந்தேன். எழுமலைப் பக்கம் ஒரு காதுகுத்து. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு பெரியவர் மேஜைக்கு வந்தார். "தம்பி, இவங்க போன விசேஷத்துல நான் எவ்வளவு செஞ்சேன்னு பாத்துச் சொல்லுப்பா. இந்தத் தடவை கூட்டிச் செய்யணும்ல" என்றார். ஃபைலைத் திறந்தேன். திரை முழுக்க ஆங்கில எழுத்து. முருகன் என்று இருக்க வேண்டிய இடத்தில் கே, யு, எஃப், டி, கடைசியில் ஓர் அரைப்புள்ளி. ஆயிரத்துச் சொச்சம் பெயர்கள், எல்லாமே இப்படி. பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது. பெரியவர் திரையை எட்டிப் பார்த்துவிட்டு, "இங்கிலீஷ்ல எழுதிட்டியா?" என்றார்.

நடந்தது இதுதான். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்தால் ஃபைலுக்குள் சேமிக்கப்படுவது ஆங்கில எழுத்துகளின் குறியீடுதான். அதன்மேல் தமிழ் உருவத்தைப் போர்த்துவது எழுத்துரு. அது இல்லாத மெஷினில் போர்வை விலகி உள்ளே இருப்பது தெரிந்துவிடும். எல்லா மெஷினுக்கும் பொதுவான குறியீடான யூனிகோடில் அடித்ததற்கு இந்தத் தொல்லை இல்லை, எங்கே திறந்தாலும் தமிழ் தமிழாகவே வரும்.

ஆகவே பழைய லேப்டாப்பில் சி டிரைவ், விண்டோஸ், ஃபான்ட்ஸ் என்று போய், நீங்கள் பயன்படுத்திய தமிழ் எழுத்துருக்களை ஒன்று விடாமல் தனி ஃபோல்டரில் காப்பி செய்யுங்கள். எதெது என்று நினைவில்லையா? பழைய ஃபைல் நாலைந்தைத் திறந்து, எழுத்தின் மேல் கிளிக் செய்தால் மேலே பெயர் காட்டும்.

இரண்டு பிரதி

எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்கில் ஒன்று, முக்கியமானவை மட்டும் கூகுள் டிரைவிலோ வேறொரு பென்டிரைவிலோ இன்னொன்று. பென்டிரைவ் 'ஃபேட்32' முறையில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றை ஃபைல் அதில் ஏறாது. கல்யாண வீடியோ பாதியில் முரண்டு பிடித்தால் காரணம் இதுதான். பென்டிரைவைக் காலி செய்து 'எக்ஸ்ஃபேட்' முறையில் ஃபார்மேட் செய்துகொள்ளுங்கள்.

பென்டிரைவ் செருகும் பொருத்து பழைய யுஎஸ்பி 2.0 என்றால் நொடிக்கு 30 எம்பி அளவில்தான் போகும். 200 ஜிபிக்கு ஏறக்குறைய 2 மணி நேரம். உள்ளே நீல நிறம் தெரியும் பொருத்து இருந்தால் பெரும்பாலும் அது 3.0, அதில் செருகுங்கள். சார்ஜரைக் கழற்ற வேண்டாம், நம்மூர் கரண்டை நம்பி இந்த வேலையைத் தொடங்கவும் வேண்டாம். இன்வெர்டர் இருக்கும் அறையில் உட்காருங்கள்.

காப்பி ஆனதும் பழைய ஃபோல்டர், புது ஃபோல்டர் இரண்டிலும் ரைட் கிளிக், பிராபர்ட்டீஸ். ஃபைல்களின் எண்ணிக்கை ஒன்றாக இருக்க வேண்டும்.

இனி புதுப் பெட்டி

முதல் முறை ஆன் செய்ததும் வைஃபையும் மைக்ரோசாஃப்ட் கணக்கும் கேட்கும். மகனின் கணக்கு, கடைக்காரப் பையனின் கணக்கு என்று எதையாவது கொடுத்துவிடாதீர்கள். பல புது லேப்டாப்களில் டிஸ்க் தானாகவே பூட்டப்படும். அதன் மீட்புச் சாவி, 48 இலக்க எண், எந்தக் கணக்கில் நுழைந்தீர்களோ அதில்தான் போய் உட்காரும். உங்கள் கணக்கில் நுழையுங்கள், அந்த எண்ணைத் தாளில் எழுதி ரேஷன் கார்டோடு வையுங்கள். பிறகு அப்டேட்டை முழுக்க ஓடவிடுங்கள், இரண்டு மூன்று தடவை ரீஸ்டார்ட் ஆகும்.

எழுத்துரு ஃபோல்டரைத் திறந்து எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து ரைட் கிளிக் செய்யுங்கள். வெறும் 'இன்ஸ்டால்' வேண்டாம், 'இன்ஸ்டால் ஃபார் ஆல் யூசர்ஸ்' கொடுங்கள். முன்னதைக் கொடுத்தால் சில பழைய சாஃப்ட்வேர்களின் கண்ணுக்கு எழுத்துரு தெரிவதில்லை. இனிமேல் அடிப்பதையாவது யூனிகோடில் அடிக்கலாம் என்றால், விண்டோஸ் 11-லேயே தமிழ் 99 விசைப்பலகை இருக்கிறது, லாங்குவேஜ் செட்டிங்ஸில் தமிழைச் சேர்த்து, அதன் விசைப்பலகைகளில் தமிழ் 99-ஐத் தேர்ந்தெடுத்தால் போதும். என் பழைய கை இன்னும் பாமினியிலேயே ஓடுகிறது, ஒத்துக்கொள்கிறேன்.

பிரிண்டருக்குப் புது டிரைவர், அதாவது அதை விண்டோஸோடு பேச வைக்கும் சாஃப்ட்வேர், தேவைப்படும். விண்டோஸ் 11 முழுக்க 64-பிட், பழைய 32-பிட் டிரைவர் சிடியால் பயன் இல்லை. பிரிண்டருக்கு அடியில் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணைப் போனில் போட்டோ எடுத்து, தயாரிப்பாளரின் தளத்தில் தேடுங்கள்.

ஒரு விசேஷம் வரை பழையதும் இருக்கட்டும்

ஆடியில் மாற்றியதற்குக் காரணம் இதுதான். முகூர்த்தம் கிடையாது, தப்பு நடந்தால் சரி செய்ய ஆவணி வரை நேரம் உண்டு. புது வீட்டில் பால் காய்ச்சிய அன்றே பழைய வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட மாட்டோம் அல்லவா? ஆவணி முதல் முகூர்த்தத்துக்குப் புதியதை மேஜை மேலும் பழையதை மேஜைக்கு அடியிலும் வைத்துக்கொண்டு போனேன். பழையதைத் திறக்க வேண்டி வரவில்லை. ஆனால் அதற்கு அடுத்த வாரம், ஒரு பத்திரிகைக்கான பிள்ளையார் படம் புதியதில் இல்லை என்று தெரிந்து, பழையதைத் திறந்துதான் எடுத்தேன்.

ஒரு மாதம் எதற்கும் தேடவில்லை என்றால் அழிக்கலாம். வெறுமனே டெலீட் செய்தது, குவிக் ஃபார்மேட் செய்தது எல்லாம் திரும்ப எடுக்கக் கூடியவை. ஊர் முழுக்க யார் யாருக்கு எவ்வளவு பாக்கி என்ற கணக்கு அதில் இருக்கிறது, விளையாட்டு இல்லை. பிரவுசர் கணக்குகளிலிருந்து வெளியேறிவிட்டு, விண்டோஸ் 10 செட்டிங்ஸில் அப்டேட் அண்ட் செக்யூரிட்டி, ரெகவரி, ரீசெட் திஸ் பிசி என்று போங்கள். 'ரிமூவ் எவ்ரிதிங்' தேர்ந்தெடுத்து, சேஞ்ச் செட்டிங்ஸில் 'கிளீன் டேட்டா'வை ஆன் செய்யுங்கள். ஹார்ட் டிஸ்க் உள்ள லேப்டாப்பில் இது பல மணி நேரம் ஓடும், பழைய பேட்டரி பத்து நிமிடம் தாங்காது. அதனால் அதுவரை பழைய சார்ஜரை மட்டும் யாருக்கும் இரவல் கொடுத்துவிடாதீர்கள்.