கடைசி நாளில் பெட்டி கட்டாதீர்கள்: ஓய்வுபெறும் விமானங்களின் ரசிகர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1963 முதல் நம் விமானப்படையில் பறந்த மிக்-21 போர் விமானம், 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் விடைபெற்றது. அதிலிருந்து எங்கள் தண்டையார்பேட்டை மொட்டை மாடிக்கு ஞாயிறுதோறும் விமானம் பார்க்கப் பிள்ளைகள் வருவது கூடிவிட்டது. காசிமேடு, வியாசர்பாடி, திருவொற்றியூர் என்று பல பக்கமிருந்தும் வருகிறார்கள். ஆர்வத்துக்குக் குறைவில்லை. ஆனால் நாங்கள் அந்த வயதில் செய்த அதே தவறுகளை வரிசை தப்பாமல் செய்கிறார்கள். பேட்டரி தீர்வது, லென்ஸில் தூசி படிவது போன்றவை போகப் போகச் சரியாகிவிடும். கைக்காசையும் ஆசையையும் சேர்த்துக் கரைப்பவற்றை மட்டும் சொல்கிறேன்.

கடைசி நாளுக்காகக் காத்திருப்பது

இதை மட்டும் என்னால் இன்றும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. ஆண்டுக்கணக்கில் தலைக்கு மேலே பறந்தபோது நிமிர்ந்து பார்க்காதவர்கள், ஓய்வுச் செய்தி வந்த மறுநாள் பெட்டி கட்டுகிறார்கள்.

வியாசர்பாடித் தம்பி ஒருவன் பட்டறையில் விடுப்புச் சொல்லி, கைமாற்று வாங்கி, சென்ட்ரலில் டெல்லி ரயில் ஏறிச் சண்டிகர் போனான். விழா நடந்தது விமானப்படைத் தளத்துக்குள். அழைக்கப்பட்டவர்கள்தான் உள்ளே போக முடியும். சாலையோரம் நின்று, தூரத்தில் போன புள்ளிகளைப் படமெடுத்துத் திரும்பினான். "சத்தம் மட்டும் நன்றாகக் கேட்டது அண்ணா" என்றான். எனக்குக் கோபம் அவன்மீது இல்லை. "கடைசிப் பறப்பு, தவறவிடாதீர்கள்" என்று உசுப்பிவிட்டவர்கள் மீதுதான்.

எந்தக் கடைசி என்று முதலில் கேளுங்கள். ஒலியைவிட வேகமாகப் பறந்த பயணிகள் விமானமான கான்கார்டின் கடைசிப் பயணிகள் சேவை 2003 அக்டோபர் 24. அதற்குப் பிறகும் ஒரு கான்கார்டு பறந்து, நவம்பர் 26 அன்று பிரிஸ்டல் அருகே ஃபில்டனில் இறங்கிய பிறகுதான் கதை முடிந்தது. ஏர் இந்தியாவின் போயிங் 747 பயணிகளை ஏற்றுவது 2021இல் நின்றது. ஆனால் 2024 ஏப்ரல் 22 அன்று மும்பையிலிருந்து ஒன்று அமெரிக்காவுக்குக் கிளம்பி, இறக்கைகளைச் சாய்த்து அசைத்துவிட்டுப் போனது. பயணிகள் சேவையா, விழாவா, ஆளில்லாத இருக்கைகளோடு கிடங்குக்குப் போகும் பயணமா? தெரியாமல் பணம் கட்டாதீர்கள்.

நம் பக்கத்திலேயே நடந்ததைப் பாருங்கள். அரக்கோணத்தில் உள்ள ஐஎன்எஸ் ராஜாளி கடற்படை விமானத் தளத்திலிருந்து டியூ-142 என்ற கடல் கண்காணிப்பு விமானம் பறந்துகொண்டிருந்தது. 1988இல் கடற்படைக்கு வந்து 2017 மார்ச்சில் ஓய்வுபெற்றது. நான்கு எஞ்சின்கள், ஒவ்வொன்றிலும் எதிரெதிராகச் சுழலும் இரட்டைப் புரொப்பெல்லர்கள். (இதைப் போய் ஜெட் என்கிறார்கள், இது டர்போபுராப், அதாவது டர்பைன் எஞ்சினால் புரொப்பெல்லரைச் சுழற்றும் வகை.) அந்த இரைச்சலைக் கேட்க பெரம்பூரில் மின்சார ரயில் ஏறினாலே போதுமாக இருந்தது. அத்தனை ஆண்டுகளில் போனவர்கள் குறைவு. விடைபெற்ற பிறகு வருந்தியவர்கள் ஏராளம்.

ஜாகுவார் போர் விமானத்தை இன்று உலகத்தில் பறக்கவைப்பது நம் விமானப்படை ஒன்றுதான். அதற்கும் விழா அறிவிக்கும் வரை காத்திருக்கப் போகிறீர்களா? பொதுமக்களுக்குத் திறந்துவிடும் விமானக் காட்சி எங்கு நடந்தாலும் இப்போதே போய்விடுங்கள்.

பறப்பது நின்றுபோனவற்றை அருகில் பார்க்க வழி இருக்கிறது. கடற்கரை நிலையத்தில் பறக்கும் ரயில் ஏறினால் கோட்டூர்புரம். பெரியார் அறிவியல் தொழில்நுட்ப மையத்தில் மாருத் நிற்கிறது. ஜெர்மானிய வடிவமைப்பாளர் குர்ட் டாங்க் வடிவமைத்து, பெங்களூரில் உருவாகி, 1961 ஜூன் 17 அன்று முதன்முதலில் பறந்த போர் ஜெட் அது. சண்டிகர் போய் வந்த தம்பியை அங்கே கூட்டிப்போனேன். காற்றை உள்வாங்கும் வாய்களில் துருத்தும் அரைக்கூம்பையும், பின்புறம் ஒட்டினாற்போல் இருக்கும் இரண்டு எஞ்சின் வாய்களையும் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். மதியச் சாப்பாட்டைக்கூட மறந்துவிட்டான்.

விமான வகையை நம்பி டிக்கெட் எடுப்பது

டிக்கெட் உங்களை ஊர் சேர்ப்பதற்குத்தான்; குறிப்பிட்ட விமானத்தில் ஏற்றுவதற்கு அல்ல. கடைசி நேரத்தில் வேறு விமானத்தை நிறுத்தினாலும் பணம் கேட்க வழியில்லை.

ராணுவத் தளச் சுவரருகே கேமரா

வேண்டவே வேண்டாம்.

"வயதாகிவிட்டது" என்று முடிவு கட்டுவது

பயணிகள் விமானத்தின் உடலுக்கு வயதைவிட ஏற்ற இறக்கக் கணக்குதான் முக்கியம். மேலேறும்போது வெளிக்காற்றைவிட உள்ளே அழுத்தம் கூடுதலாகி உடல் விரிகிறது, இறங்கும்போது சுருங்குகிறது. உலோகம் களைத்துப்போவது இதனால்தான். 1988இல் ஹவாயில் அலோஹா நிறுவனத்தின் போயிங் 737 ஒன்றின் கூரை நடுவானில் பிய்த்துக்கொண்டு போனது. அதற்குள் அது 89,000 முறைக்கு மேல் பறந்திருந்தது. எல்லாம் தீவுக்குத் தீவு தாவும் குட்டிப் பயணங்கள். 747 ஒதுக்கப்பட்டதற்குக் காரணம் வேறு. இரண்டு எஞ்சின் 777 செய்யும் வேலைக்கு நான்கு எஞ்சின்களுக்கு எரிபொருள் ஊற்றப் பெரும்பாலான நிறுவனங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. நல்ல உடல்வாகோடு இருந்த விமானங்களையும் அப்படித்தான் உடைத்தார்கள். எனக்கு அது ஆறாத வருத்தம்.

பதிவெண்ணைக் குறிக்காமல் விடுவது

நம் நாட்டுப் பயணிகள் விமானங்களுக்குரிய, "விடி" (VT) என்று தொடங்கும் பதிவெண், விமானம் வேறு நாட்டுக்குக் கைமாறியதும் மாறிவிடும். தயாரிப்பு வரிசை எண் மாறாது. பழைய பதிவெண் கையில் இருந்தால் அதை வைத்து வரிசை எண்ணைப் பிடிக்கலாம். பிறகு அது எந்த நாட்டில் சரக்கு ஏற்றுகிறது, எந்தப் பாலைவனத்தில் நிற்கிறது என்பதுவரை தொடரலாம். படமெடுத்த அன்றிரவே நாள், இடம், எண் மூன்றையும் எழுதிவிடுங்கள். வாலில் எண் தெரியாவிட்டால் முன்சக்கரக் கதவில் கடைசி எழுத்துகள் இருக்கிறதா என்று பாருங்கள். பல நிறுவனங்கள் அங்கேயும் எழுதுகின்றன.