மார்பில் கட்டி தட்டுப்பட்டால் ஆண்கள் என்ன செய்ய வேண்டும்

ஆண்களுக்கும் மார்பகத் திசு உண்டு. கொஞ்சம்தான், பெரும்பாலும் காம்புக்குப் பின்னால் இருக்கும். அதில் கட்டி வரலாம், புற்றுநோயும் வரலாம். மார்பகப் புற்றுநோய் வருகிறவர்களில் கிட்டத்தட்ட நூற்றுக்கு ஒருவர் ஆண். அரிதுதான், ஆனால் "அரிதுதானே, நமக்கா வரப்போகிறது" என்று மாதக்கணக்கில் தள்ளிப்போடுவதால்தான் நிறைய ஆண்களுக்கு நோய் பரவத் தொடங்கிய பிறகே தெரியவருகிறது. அதனால் நான் சொல்ல வருவது ஒன்றுதான்: அந்தக் கட்டி என்ன என்று பரிசோதனை செய்து தெளிவான பதில் கிடைக்கும் வரை நடுவில் எங்கேயும் நின்றுவிடாதீர்கள்.

முதலில் ஒழுங்காகத் தொட்டுப் பாருங்கள். குளிக்கும்போது சோப்பு நுரையோடு பார்ப்பது சுலபம், விரல் வழுக்கிக்கொண்டு போகும். இடது மார்பைப் பார்க்க இடது கையைத் தலைக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, வலது கையின் நடு மூன்று விரல்களைத் தட்டையாக வைத்துச் சின்னச் சின்ன வட்டமாக அழுத்திக்கொண்டே போங்கள். காம்பைச் சுற்றி, கழுத்தெலும்பு வரை, அக்குள் வரை. அப்புறம் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் மார்பின் இரண்டு பக்கமும் வைத்துக் காம்பை நோக்கி மெல்ல நெருக்குங்கள். காம்புக்கு நேர் கீழே ரப்பர் வில்லை மாதிரி ஒன்று விரலைத் தடுத்தால் அது கைனகோமாஸ்டியாவாக, அதாவது மார்பகத் திசு வீங்கியதாக, இருக்க வாய்ப்பு அதிகம். தடையே இல்லாமல் இரண்டு விரலும் சேர்ந்தால் பெரும்பாலும் வெறும் கொழுப்பு. இதெல்லாம் ஒரு யூகத்துக்குத்தான், இதை வைத்து நீங்களே முடிவு கட்டிவிடக் கூடாது. தினமும் அழுத்தி அழுத்திப் பார்க்கவும் வேண்டாம், அந்த இடம் வலிக்கத் தொடங்கும், பிறகு வலி கட்டியால் வந்ததா கையால் வந்ததா என்று நமக்கே குழப்பமாகிவிடும்.

ஆணின் மார்பில் வரும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. கைனகோமாஸ்டியா, கொழுப்புக் கட்டி, நீர்க்கட்டி, சீழ்க்கட்டி என்று பல இருக்கின்றன. ஆனால் சில அடையாளங்களைப் பார்த்தால் ஒரு வாரம் கூடத் தள்ளிப்போடாதீர்கள். கட்டி கல் மாதிரி கெட்டியாக, ஓரம் ஒழுங்கில்லாமல், காம்பிலிருந்து சற்று விலகி, ஒரே பக்கத்தில் மட்டும் இருப்பது. தள்ளினால் நகராமல் இருப்பது. காம்பு உள்ளே இழுத்துக்கொள்வது, காம்பில் ஆறாத புண், தோல் சுருங்குவது, அக்குளில் நெறி கட்டியது போல இருப்பது. காம்பிலிருந்து ரத்தம் கசிவது. பாடகி பியான்சேயின் அப்பா மேத்யூ நோல்ஸ் கவனித்தது கட்டியை அல்ல, சட்டையில் திரும்பத் திரும்ப விழுந்த ஒரு சின்ன ரத்தப் புள்ளியை. தனக்கு மார்பகப் புற்றுநோய் என்று 2019இல் அவர் வெளியே சொன்னார்.

வலி இல்லை என்பதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். புற்றுநோய்க் கட்டி பெரும்பாலும் வலிக்காது, கைனகோமாஸ்டியாதான் தொட்டால் சுருக்கென்று வலிக்கும்.

சரி, யாரிடம் போவது? வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரிடமே முதலில் போகலாம், அவர் மார்பக அறுவை சிகிச்சை நிபுணரிடமோ பொது அறுவை சிகிச்சை நிபுணரிடமோ அனுப்புவார். அங்கே காத்திருக்கும் இடத்தில் பெண்களே உட்கார்ந்திருப்பார்கள், பெயரைக் கூப்பிடும்போது உங்கள் மனைவியைத் தேடுவார்கள், படிவத்தில் கடைசி மாதவிடாய் தேதி கேட்டிருக்கும். கூச்சமாகத்தான் இருக்கும். அந்தக் கூச்சத்தில் எழுந்து வந்துவிடாதீர்கள். "காய்ச்சல், அப்படியே இதையும் பாருங்க" என்று கடைசியில் ஒட்டவைக்காமல், "மார்பில் கட்டி இருக்கிறது, அதைக் காட்டத்தான் வந்தேன்" என்று உட்கார்ந்ததுமே சொல்லுங்கள்.

போகும்போது ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: எப்போது கவனித்தீர்கள், அதற்குப் பிறகு பெரிதானதா, குடும்பத்தில் யாருக்காவது மார்பக, சினைப்பை, புராஸ்டேட், கணையப் புற்றுநோய் இருந்ததா, சின்ன வயதில் நெஞ்சில் கதிர்வீச்சு சிகிச்சை எடுத்ததுண்டா. அப்பா வழி உறவினரையும் விடாதீர்கள், அத்தைக்கு வந்தது என்றால் அதுவும் கணக்குதான். எடுத்துக்கொள்ளும் மருந்துகள் எல்லாவற்றையும் எழுதுங்கள். ஸ்பைரோனோலாக்டோன், ஃபினாஸ்டெரைடு, சில மனநல மருந்துகள், புராஸ்டேட்டுக்கான ஹார்மோன் மருந்துகள் எல்லாம் மார்பகத் திசுவை வீங்கவைக்கும். உடற்பயிற்சிக் கூடத்தில் ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தால் அதையும் மறைக்காதீர்கள்.

மருத்துவர் இரண்டு மார்பையும், இரண்டு அக்குளையும் பார்ப்பார். விதைப்பையையும் பார்க்கலாம். திடுக்கிட வேண்டாம், விதையில் வரும் சில கட்டிகள் சுரக்கும் ஹார்மோனால் மார்பு வீங்குவதுண்டு. கல்லீரல், தைராய்டு, ஹார்மோன் அளவுகளுக்கு ரத்தப் பரிசோதனையும் எழுதலாம்.

அடுத்தது படம். 25 வயதுக்குக் கீழே என்றால் பொதுவாக அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் தொடங்குவார்கள், அதற்கு மேல் மேமோகிராம், அதாவது மார்பக எக்ஸ்ரே, தேவைப்பட்டால் இரண்டும். ஆணுக்கு மேமோகிராம் எடுக்க முடியுமா என்று பலர் கேட்கிறார்கள். தாராளமாக முடியும். இருக்கிற சதையை முன்னால் இழுத்து இரண்டு தட்டுகளுக்கு நடுவே சில விநாடிகள் அழுத்துவார்கள், வலிக்கும், ஆனால் முடிந்துவிடும். அன்றைக்கு நெஞ்சிலும் அக்குளிலும் பவுடர், டியோடரண்ட் எதுவும் போடாதீர்கள், படத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும். ரிப்போர்ட்டில் பைராட்ஸ் என்று, படத்தில் தெரிவது எவ்வளவு சந்தேகத்துக்குரியது என்பதைக் காட்ட, 0 முதல் 6 வரை ஓர் எண் இருக்கும். 4 அல்லது 5 என்றால் பயாப்ஸி, அதாவது கட்டியிலிருந்து கொஞ்சம் திசுவை எடுத்துச் சோதிப்பது, வேண்டும். 0 என்றால் ஒன்றுமில்லை என்று அர்த்தமல்ல, இன்னும் படம் எடுக்க வேண்டும் என்று அர்த்தம்.

முடிவாகச் சொல்வது பயாப்ஸிதான். மரத்துப்போக ஊசி போட்டு, ஸ்கேனில் பார்த்துக்கொண்டே தடிமனான ஓர் ஊசியால் கட்டியிலிருந்து சின்னச் சின்னத் துண்டுகளாக எடுப்பார்கள். எடுக்கும்போது 'டக்' என்று சத்தம் வரும், அதற்கு முன்பே தயாராக இருந்தால் உடம்பு தூக்கிப்போடாது. அதன் பிறகு கொஞ்ச நாளைக்கு அந்த இடம் கன்றிப்போய் நீலமாக இருக்கும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும், நீங்களாக நிறுத்தக் கூடாது. மெல்லிய ஊசியால் செல்களை மட்டும் உறிஞ்சி எடுக்கும் எஃப்என்ஏசி பரிசோதனையும் உண்டு. அதில் "போதுமான செல்கள் இல்லை" என்று வந்தால் அது "புற்றுநோய் இல்லை" என்பது ஆகாது. இந்த இடத்தில்தான் பலர் நிம்மதியாகி வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். திரும்பப் போய் தடிமனான ஊசி பயாப்ஸி கேளுங்கள்.

ரிப்போர்ட் வந்ததும் மருத்துவரிடம் ஒரு கேள்வி கண்டிப்பாகக் கேளுங்கள்: "கையில் தெரிந்ததும், படத்தில் தெரிந்ததும், பயாப்ஸியில் வந்ததும் ஒத்துப்போகிறதா?" படம் சந்தேகம் சொல்லி பயாப்ஸி ஒன்றுமில்லை என்றால், ஊசி சரியான இடத்தில் பட்டதா என்று திரும்பப் பார்க்க வேண்டியிருக்கும். யாராவது தொட்டுக்கூடப் பார்க்காமல் "ஆம்பளைக்கெல்லாம் வராதுப்பா, கொழுப்பாத்தான் இருக்கும்" என்று அனுப்பினால் இன்னொரு மருத்துவரைப் பாருங்கள். அதில் மரியாதைக் குறைவு எதுவுமில்லை.

புற்றுநோய் என்றே வந்தால், புற்றுநோய்ச் செல்லில் ஹார்மோன் வந்து ஒட்டும் ஹார்மோன் ஏற்பிகளும், ஹெர்2 என்ற புரதமும் இருக்கிறதா என்று பார்த்தார்களா என ரிப்போர்ட்டில் தேடுங்கள், சிகிச்சை அதைப் பொறுத்துத்தான் அமையும். ஆண்களுக்கு வருவதில் பத்தில் ஒன்பது ஹார்மோனால் வளரும் வகை, அந்த ஹார்மோனின் வேலையைத் தடுக்க மாத்திரை இருக்கிறது. அப்புறம் மரபணுப் பரிசோதனை. மார்பகப் புற்றுநோய் வந்த ஆண் எந்த வயதாக இருந்தாலும் இதைக் கேட்டு வாங்க வேண்டும் என்பேன். பிஆர்சிஏ2 என்ற மரபணுவில் கோளாறு இருந்தால் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடும், அந்தக் கோளாறு ஒவ்வொரு பிள்ளைக்கும் போவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு, மகனுக்கும் சரி, மகளுக்கும் சரி. மேத்யூ நோல்ஸுக்கும் அந்தக் கோளாறுதான் இருந்தது. அப்படி வந்தால் அந்த ரிப்போர்ட்டின் நகலை உங்கள் பிள்ளைகளிடமும் கூடப் பிறந்தவர்களிடமும் கொடுங்கள், அவர்கள் தங்கள் மருத்துவரிடம் காட்ட அது வேண்டும்.