தீர்க்கதரிசனத்தை இன்றைய வல்லரசுகளோடு பொருத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்காவது போர் மூண்டாலும், டாலரின் மதிப்பு ஆட்டம் கண்டாலும், அது வேதத்தில் முன்னறிவிக்கப்பட்டதே என்று சொல்லும் காணொளிகள் உடனே சபைகளின் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றத் தொடங்கிவிடுகின்றன. வேதத்தின்மேல் உள்ள வாஞ்சையே பலரை இவற்றைப் பகிரச் செய்கிறது என்பதால் அவர்களை இகழத் தேவையில்லை. ஆனால் செய்தித்தாளை முதலில் விரித்து வைத்து அதற்கேற்ற வசனத்தைத் தேடும் வழக்கம், வசனம் சொல்ல வந்ததையே கேட்க விடாமல் செய்துவிடுகிறது.

எண்ணிக்கை பொருந்தியதும் முடிவு கட்டிவிடுவது இவற்றுள் மிகப் பழகிய தவறு. தானியேல் 7-ஆம் அதிகாரத்தின் நான்காம் மிருகத்துக்குப் பத்துக் கொம்புகள் உண்டு; அவை பத்து நாடுகளின் கூட்டணி என்று பலர் கொண்டார்கள். 1957-இல் ரோம் நகரில் கையெழுத்தான ஒப்பந்தத்தின் மூலம் ஆறு நாடுகளோடு தொடங்கிய ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில், 1981 ஜனவரி 1 அன்று கிரேக்கம் பத்தாவது உறுப்பு நாடாகச் சேர்ந்தது. கொம்புகளின் கணக்கு நிறைவேறிவிட்டது என்று பலர் போதித்தார்கள். 1986-இல் ஸ்பெயினும் போர்த்துகலும் சேர எண்ணிக்கை பன்னிரண்டாயிற்று. பிரிட்டன் விலகிய பிறகும் ஐரோப்பிய ஒன்றியத்தில் 27 நாடுகள் உள்ளன. எண்ணிக்கை பத்தைத் தாண்டிய பிறகு சிலர், பத்து நாடுகளை முழு உறுப்பினர்களாகக் கொண்டிருந்த மேற்கு ஐரோப்பிய ஒன்றியம் என்ற பாதுகாப்பு அமைப்பின்மேல் பார்வையைத் திருப்பினார்கள்; அதுவும் 2011-இல் கலைக்கப்பட்டது. விளக்கம் பொய்த்தபோது அதை வெளிப்படையாகத் திரும்பப் பெறாமல் அடுத்த பட்டியலுக்குத் தாவுவதே, பொய்த்துப்போன கணக்கைவிடப் பெரிய குறை என்று கருதுகிறேன்.

வேதம் தானே பெயர் சொல்லும் இடங்களையும், சொல்லாமல் விடும் இடங்களையும் ஒரே உறுதியோடு போதிப்பதும் சரியல்ல. தானியேல் 8-இல் ஆட்டுக்கடா மேதிய பெர்சிய ராஜாக்கள் என்றும், வெள்ளாட்டுக்கடா கிரேக்க தேசத்து ராஜா என்றும் காபிரியேலே விளக்கிவிடுகிறான். எசேக்கியேல் 38-இல் இஸ்ரவேலுக்கு விரோதமாகப் படையெடுத்து வரும் கோகு யார் என்று அப்படி ஒரு விளக்கம் தரப்படவில்லை. சபைச் சீர்திருத்தவாதி லூத்தர் காலத்தில் துருக்கியர் கோகு ஆனார்கள். பின்னர் ரஷ்யா ஆயிற்று. கோகு ஆள்வதாக அங்கே சொல்லப்படும் மேசேக், தூபால் என்பவற்றை ஒலி ஒற்றுமையை வைத்து மாஸ்கோ, தொபோல்ஸ்க் ஆக்குகிறவர்கள், அவ்விரு ஜாதிகளும் தீரு பட்டணத்தோடு வியாபாரம் செய்தவர்கள் என்று அதே எசேக்கியேல் 27:13-இல் எழுதியிருப்பதைக் கவனிப்பதில்லை. அவர்கள் இன்றைய துருக்கி நிலப்பகுதியில் வாழ்ந்தவர்கள். தொபோல்ஸ்க் நகரமோ 1587-இல்தான் நிறுவப்பட்டது. இத்தகைய போதனையால் வாழும் ஒரு மக்களினம் முழுவதும் தேவனுடைய பகைவராகச் சித்திரிக்கப்படுவது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது. இஸ்ரவேலை நசுக்கிய இரண்டு வல்லரசுகளைப் பற்றி ஏசாயா 19:25 பேசும்போது, எகிப்தியரை ‘என் ஜனம்’ என்றும் அசீரியரை ‘என் கரத்தின் கிரியை’ என்றும் கர்த்தர் சொல்வதை இந்த வரைபடப் பிரசங்கங்களில் கேட்பது அரிது.

பொருளாதாரத்தைப் பற்றிய பகுதிகளில் வேறொரு தவறு நேர்கிறது. பார்கோடு, கடன் அட்டை, உடலில் பொருத்தும் சிப் எனப் புதிய தொழில்நுட்பம் ஒவ்வொன்றும், அது இல்லாமல் யாரும் கொள்ளவும் விற்கவும் முடியாது என்று வேதம் சொல்லும் மிருகத்தின் முத்திரை என்று அஞ்சப்பட்டிருக்கிறது. ஆனால் வெளிப்படுத்தின விசேஷம் 13-ஆம் அதிகாரம் அந்த முத்திரையை மிருகத்தை வணங்குவதோடு இணைத்தே பேசுகிறது. அந்நாளில் தியத்தீரா போன்ற ஆசியா மைனர் நகரங்களில் கைத்தொழிலாளர் சங்கங்களின் வாழ்வும் விக்கிரக விருந்துகளும் பின்னிக் கிடந்தன. அங்கே தொழில் செய்து பிழைத்த விசுவாசிகளுக்கு, வணங்கினால்தான் பிழைப்பு என்பது அன்றாட நெருக்கடி.

அதே நூலில் பாபிலோனின் வீழ்ச்சியைச் சொல்லும் 18-ஆம் அதிகாரத்தின் சரக்குப் பட்டியலை நிதானமாக வாசிக்க வேண்டும். பொன், வெள்ளி, இரத்தினங்கள், முத்துகள், தந்தம், இலவங்கப்பட்டை, கோதுமை என்று நீளும் அது, ரோமாபுரி உலகெங்கிலுமிருந்து வரவழைத்த பொருள்களின் பட்டியல். பாண்டியரின் கொற்கை முத்தும் சேரநாட்டு முசிறித் துறைமுகத்துச் சரக்கும் அந்தச் சந்தைக்குத்தான் போயின; இந்தியா, சீனா, அரேபியா ஆகியவற்றுக்கு ஆண்டுதோறும் பத்துக் கோடி செஸ்டர்ஸ் (ரோம நாணயம்) போய்விடுவதாக ரோம எழுத்தாளர் பிளினி குறைப்பட்டுக்கொண்டார். பொன்னில் தொடங்கும் அந்தப் பட்டியல் அடிமைகளிலும் மனுஷருடைய ஆத்துமாக்களிலும் போய் முடிகிறது. பாபிலோன் என்பது நியூயார்க்கா, பிரசல்ஸா என்று வாதாடிக்கொண்டிருப்பவர்கள், நம் வீட்டுக்கு வரும் மலிவான பொருளுக்கு யாருடைய உயிர் விலையாகிறது என்று அந்தக் கடைசி வரி கேட்பதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

நாள் குறித்து, அதற்கேற்பப் பணத்தைக் கையாளச் செய்வது குடும்பங்களையே குலைக்கக்கூடியது. கிறிஸ்து திரும்பி வரும் நாள் என்று 1844 அக்டோபர் 22-ஐ எதிர்பார்த்து, அமெரிக்காவில் வில்லியம் மில்லர் என்ற பிரசங்கியைப் பின்பற்றியவர்களில் சிலர் பயிரை அறுக்காமல் விட்டார்கள். 2011 மே 21 என்று அமெரிக்க வானொலிப் பிரசங்கி ஹரோல்ட் கேம்பிங் குறித்த நாளை நம்பிச் சிலர் வேலையையும் சேமிப்பையும் விட்டார்கள். எரேமியாவோ, பாபிலோன் எருசலேமைப் பிடிக்கும் என்று திட்டமாக அறிந்திருந்தவர், அதைச் சொன்னதற்காகவே காவலில் இருந்தவர். முற்றுகை நடந்துகொண்டிருந்தபோதே அவர் தம் பெரிய தகப்பன் மகனிடம் ஆனதோத்து நிலத்தைப் பதினேழு சேக்கல் வெள்ளிக்கு வாங்கி, சாட்சிகளை வைத்துப் பத்திரம் எழுதி, அது அநேக நாள் இருக்கும்படி மண்பாண்டத்தில் வைக்கச் சொன்னார். சிறைப்பட்டுப் பாபிலோனுக்குப் போனவர்களுக்கும், வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் நாட்டுங்கள், அந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள் என்றே எழுதினார். உலகப் பொருளாதாரம் சரியப்போகிறது என்று சொல்லி, இருப்பதை விற்கவும் பிள்ளைகளின் படிப்பை நிறுத்தவும் ஆலோசனை சொல்கிற எவரிடமும் எரேமியா 29, 32 ஆகிய அதிகாரங்களுக்கு விளக்கம் கேட்கும் உரிமை விசுவாசிகளுக்கு உண்டு.