மருத்துவக் காப்பீடு: எந்தத் திட்டம் யாருக்குப் பொருந்தும்?

முதன்முறையாக மருத்துவக் காப்பீடு எடுப்பவர்கள் பிரீமியத் தொகையை ஒப்பிடுவதில்தான் தொடங்குகிறார்கள். பிரீமியத்தைக் கடைசியாகப் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். இரு பாலிசிகளின் விலை ஏன் வேறுபடுகிறது என்பது நிபந்தனைகளைப் படித்த பிறகே விளங்கும்.

முதற்படியாக, கையில் ஏற்கெனவே இருப்பதைக் கணக்கெடுங்கள். தமிழ்நாட்டில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கிறது. அலுவலகக் குழுக் காப்பீடும் பயனுள்ளதே. ஆனால் பெரும்பாலும் வேலையை விட்டதும் அதுவும் முடிந்துவிடும் என்பதால், அதை மட்டும் நம்பியிருக்க வேண்டாம்.

இரண்டாவதாக, தனிநபர் பாலிசியா, ஃபேமிலி ஃப்ளோட்டரா என்று முடிவு செய்யுங்கள். ஃப்ளோட்டரில் ஒரே காப்பீட்டுத் தொகையைக் குடும்பம் முழுவதும் பகிர்ந்துகொள்கிறது. இளம் தம்பதிக்கும் சிறு பிள்ளைகளுக்கும் இது ஏற்றது. பெற்றோரையும் அதிலேயே சேர்த்தால், பொதுவாக மூத்தவரின் வயதை வைத்தே பிரீமியம் கணக்கிடப்படுவதால் செலவு கூடும். அவர்களில் ஒருவரின் சிகிச்சையிலேயே மொத்தத் தொகையும் தீர்ந்துபோகக்கூடும். பெற்றோருக்குத் தனி பாலிசி எடுப்பதே நல்லது.

மூன்றாவது படியில் நிதானம் தேவை. கிளைம் தொகை, அதாவது சிகிச்சைச் செலவுக்காகக் காப்பீட்டு நிறுவனத்திடம் கோரிப் பெறும் தொகை, குறைந்து கையிலிருந்து கட்ட நேர்வதற்கு அறை வாடகை வரம்பு ஒரு முக்கியக் காரணம். 5 லட்சம் ரூபாய் பாலிசியில் அறை வாடகை வரம்பு நாளொன்றுக்குக் காப்பீட்டுத் தொகையில் 1 சதவீதம், அதாவது 5,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் 10,000 ரூபாய் அறையில் தங்கினால் வாடகை வித்தியாசத்தோடு விஷயம் முடிவதில்லை. மருத்துவர் கட்டணம், அறுவை சிகிச்சைக் கட்டணம் போன்றவையும் அதே விகிதத்தில் குறைக்கப்படலாம். அவை 2 லட்சம் ரூபாய் என்றால் 1 லட்சம் உங்கள் பொறுப்பாகிவிடும். மருந்து, உள்வைப்புக் கருவிகள், பரிசோதனைகள் ஆகியவற்றுக்கு இந்தக் குறைப்பு பொருந்தாது. சற்றுக் கூடுதலாகச் செலுத்தியேனும் அறை வரம்பில்லாத பாலிசியை எடுங்கள். ஒவ்வொரு கிளைமிலும் குறிப்பிட்ட பங்கை நீங்களே கட்டவேண்டிய கோ-பே நிபந்தனை உள்ளதா என்பதையும் பாலிசியின் நிபந்தனைகளில் தேடுங்கள்.

அடுத்து, காத்திருப்புக் காலம். விபத்து நீங்கலாகப் பிற சிகிச்சைகளுக்கு முதல் 30 நாட்கள் பொதுவாகக் காப்பீடு கிடையாது. ஏற்கெனவே உள்ள நோய்களுக்கான காத்திருப்பு அதிகபட்சம் 36 மாதங்கள் என்று 2024-இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் குறைத்தது. சர்க்கரை, இரத்த அழுத்தம் இருந்தால் பாலிசிக்கு விண்ணப்பிக்கும் முன்மொழிவுப் படிவத்தில் மறைக்காமல் எழுதுங்கள். முகவர் வேண்டாமென்று சொன்னாலும் எழுதுங்கள். மறைத்தால் கிளைம் மறுக்கப்படலாம்.

ஐந்தாவதாக, பெரிய தொகைக்கான பாதுகாப்பைக் குறைந்த செலவில் பெற சூப்பர் டாப்-அப் உதவும். 5 லட்சம் அடிப்படை பாலிசியுடன், 5 லட்சத்துக்கு மேற்பட்ட செலவை ஏற்கும் ஒன்றைச் சேர்த்தால் போதும். டாப்-அப் வேறு, சூப்பர் டாப்-அப் வேறு. ஒரே ஆண்டில் தலா 4 லட்சம் செலவில் இருமுறை மருத்துவமனையில் சேர நேர்ந்தால், ஒவ்வொரு முறையையும் தனியாகக் கணக்கிடும் டாப்-அப் எதுவும் தராது. ஆண்டின் மொத்தச் செலவைக் கணக்கிடும் சூப்பர் டாப்-அப் மீதி 3 லட்சத்தை ஏற்கும்.

இப்போது பிரீமியங்களை ஒப்பிடலாம். தனிநபர், குடும்ப மருத்துவக் காப்பீடுகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி இல்லை. பாலிசி ஆவணம் கைக்கு வந்ததும் அறை வாடகை, கோ-பே, காத்திருப்புக் காலம் ஆகிய மூன்றையும் சரிபாருங்கள். சொன்னதற்கு மாறாக ஏதேனும் இருந்தால் 30 நாட்களுக்குள் பாலிசியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.