நடுவில் நிற்கும் முள்ளை நம்பலாமா? பழைய எம்எக்ஸ்-5 காரின் வெப்பமானியை வாசிக்கும் முறை

லாப்ஸ்டோன் ஏற்றத்தில் வெப்பமானி முள் சட்டென்று கீழே இறங்கியபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. சிட்னியின் மேற்குப் புறநகரில் ஒரு ஜனவரி மதியம். எம்4 நெடுஞ்சாலையில் நேப்பியன் ஆற்றைத் தாண்டியதும் சாலை மலைமீது ஏறத் தொடங்கும். என்னுடையது 1990ஆம் ஆண்டு மாஸ்டா எம்எக்ஸ்-5, 1.6 லிட்டர் என்ஜின். பக்கத்தில் இருந்த மனைவி, "வெல்லப்பாகு காய்ச்சுகிற மாதிரி வாடை வருகிறதே" என்றாள். நான் முள்ளைப் பார்த்தேன். அது நடுவிலிருந்து நழுவி, குளிர்ச்சியைக் குறிக்கும் பக்கம் சாய்ந்திருந்தது. என்ஜின் குளிர்ந்துவிட்டது என்று நினைத்து ஏற்றம் முடியும்வரை ஓட்டினேன். மேலே நிறுத்தி பானெட்டைத் திறந்தால், ரேடியேட்டரில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. என்ஜினுக்குப் பின்னால், ஹீட்டருக்குப் போகும் ரப்பர் குழாய் நீளவாக்கில் கிழிந்திருந்தது. என்ஜினின் மேல்பகுதியான சிலிண்டர் ஹெட் வளைந்துபோய், அதைக் கழற்றிச் சமன்படுத்த வேண்டியதாயிற்று.

அந்த முள் பொய் சொல்லவில்லை. தன்னைத் தொடும் பொருளின் வெப்பத்தைத்தான் சென்சார் சொல்லும். தண்ணீர் தொடும்வரை தண்ணீரின் வெப்பம். தண்ணீர் போனபின் அதைச் சுற்றி இருப்பது ஆவியும் காற்றும்தான். அவை உலோகத்தின் வெப்பத்தைத் தண்ணீரைப் போலக் கடத்துவதில்லை. அதனால் என்ஜின் கொதிக்கும்போதே முள் விழுகிறது. பழைய கார் வைத்திருக்கும் யாரும் முதலில் மனத்தில் பதிக்க வேண்டியது இது: காரணமில்லாமல் முள் திடீரென்று இறங்கினால், ஏறியதைப் போலவே பாவித்து உடனே ஓரம்கட்டுங்கள். அந்த இனிப்பு வாடை, ரேடியேட்டர் தண்ணீரில் கலக்கும் கூலன்ட் திரவத்தில் இருக்கும் கிளைக்காலின் வாடை. அதை மனைவி என்னைவிட முன்னால் கண்டுபிடித்துவிட்டாள்.

இந்தக் காரில் இன்னொரு சிக்கலும் உண்டு. முள் சற்றே ஏறினாலும் ஓட்டுநர் பதறிவிடுவார் என்பதால், பல கார்களில் முள்ளின் அசைவை மட்டுப்படுத்தியே வைத்திருக்கிறார்கள். எம்எக்ஸ்-5 அவற்றில் ஒன்று. என் காரில் தனி மீட்டர் பொருத்திய பிறகு இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். தண்ணீர் 84 டிகிரியில் இருந்தபோது முள் நின்ற இடத்துக்கும் 104 டிகிரியில் நின்ற இடத்துக்கும் கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் இல்லை. இருபது டிகிரி ஏறியும் முள் வாயைத் திறக்கவில்லை. அது அசையத் தொடங்கும்போது உங்களுக்கு மிஞ்சுவது சில நிமிடங்கள்தான்.

ஆகவே, எண்ணில் காட்டும் தனி மீட்டர் ஒன்று வாங்குங்கள். 1990ஆம் ஆண்டுக் காரில் இன்றைய ஸ்கேனரைச் செருகிப் பார்க்க வழியில்லை. சென்சாரை எங்கே வைப்பது என்பதுதான் முக்கியம். மேல் ரேடியேட்டர் குழாயை வெட்டி நடுவில் ஓர் உலோக இணைப்பு வைத்து அதில் பொருத்துவது எளிய வழி. ஆனால் என்ஜின் சூடாகும்வரை ரேடியேட்டருக்குப் போகும் வழியை மூடிவைக்கும் வால்வான தெர்மோஸ்டாட் திறக்காமல் சிக்கிக்கொண்டால் அந்தக் குழாய்க்குச் சூடான தண்ணீரே வராது. என்ஜின் கொதிக்க, மீட்டர் அறுபது என்று காட்டிக்கொண்டிருக்கும். தெர்மோஸ்டாட்டுக்கு முன்னால், சிலிண்டர் ஹெட்டை ஒட்டிய இடத்தில் வைப்பதே சரி. குழாயில்தான் வைக்க முடியும் என்றால் இன்னொன்றையும் கவனியுங்கள். இருபுறமும் ரப்பர் இருப்பதால் அந்த உலோகத் துண்டுக்கு எர்த் கிடைக்காது. ஒற்றைக் கம்பி சென்சார் என்றால், அந்தத் துண்டிலிருந்து என்ஜின் உடலுக்குத் தனியாக ஓர் எர்த் கம்பி இழுக்க வேண்டும்.

மீட்டர் வாங்கும்வரை அகச்சிவப்பு வெப்பமானித் துப்பாக்கி போதும். அதைத் தெர்மோஸ்டாட் உறையின் பளபளக்கும் அலுமினியத்தின் மேல் நேராகப் பிடித்தால், உண்மையைவிட மிகக் குறைவாகக் காட்டும். பளபளப்பான உலோகம் அகச்சிவப்பைக் குறைவாகவே உமிழும். அந்த இடத்தில் கறுப்பு இன்சுலேஷன் டேப்பைச் சிறு துண்டாக ஒட்டி, அதன்மேல் குறிபார்த்தால் நம்பத்தக்க எண் வரும். ஒருமுறை டேப்போடும் டேப் இல்லாமலும் பிடித்துப் பாருங்கள். அந்த வித்தியாசம் உங்களையே திடுக்கிட வைக்கும்.

எண் கையில் வந்தபின், எது இயல்பு என்று தெரிய வேண்டும். தெர்மோஸ்டாட் ஏறக்குறைய 88 டிகிரியில் திறக்கும். ரேடியேட்டர் ஃபேன் 97 டிகிரியில் சுழலத் தொடங்கும். சமதளத்தில் ஓடும்போது எண்பதுகளின் பிற்பாதியிலும் தொண்ணூறின் தொடக்கத்திலும் நிற்க வேண்டும். நெரிசலில் 97 வரை ஏறி, ஃபேன் ஓடியதும் இறங்க வேண்டும். நூறைத் தொட்டதும் கொதித்துவிடும் என்று பயப்பட வேண்டாம். ரேடியேட்டர் மூடி சுமார் 0.9 பார் அழுத்தத்தைப் பிடித்து வைக்கிறது. அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீரே 119 டிகிரிக்கு அருகில்தான் கொதிக்கும். கூலன்ட் கலந்தால் இன்னும் மேலே.

அதனால்தான் அந்தச் சின்ன மூடியின்மேல் எனக்கு இவ்வளவு அக்கறை. அந்த மலைமேல் இருக்கும் கட்டூம்பா என்ற ஊர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே மூடி அழுத்தத்தைப் பிடிக்காவிட்டால் வெறும் தண்ணீர் 97 டிகிரிக்குள் கொதித்துவிடும். அதாவது ஃபேன் ஓடத் தொடங்கும் முன்பே! மூடியின் அடி ரப்பர் இறுகியிருந்தாலோ விளிம்பு வெடித்திருந்தாலோ யோசிக்காமல் மாற்றுங்கள். ரேடியேட்டர் பாகங்களிலேயே விலை குறைந்தது இதுதான்.

இனி, எண் எப்போது ஏறுகிறது என்று பாருங்கள். காரணம் பெரும்பாலும் அதிலேயே இருக்கும். நெரிசலில் ஏறி, வேகம் எடுத்ததும் இறங்கினால் காற்று போதவில்லை என்று பொருள்: முதலில் ஃபேனைப் பாருங்கள். என்ஜின் அறையில் டயக்னாசிஸ் என்று மூடியில் எழுதிய சிறிய பெட்டி இருக்கும். அதில் டிஎஃப்ஏ என்ற துளையையும் ஜிஎன்டி என்ற துளையையும் ஒரு கம்பித் துண்டால் இணைத்துச் சாவியை ஆன் நிலைக்குத் திருப்பினால், ஃபேன் சுழல வேண்டும். சுழன்றால் மோட்டாரும் ரிலேவும் நலம், குற்றம் பெரும்பாலும், சூடு ஏறியதும் ஃபேனை ஓடவைக்கும் தெர்மோ சுவிட்சில். சுழலாவிட்டால் ஃபியூஸ், ரிலே, மோட்டார் என்ற வரிசையில் தேடுங்கள்.

நெரிசலில் ஒழுங்காக இருந்து நெடுஞ்சாலையில் ஏறினால் கதை வேறு. ரேடியேட்டரின் உள்ளே அடைப்பு இருக்கலாம், பம்ப் தேய்ந்திருக்கலாம். ஆனால் இந்தக் காரில் நான் முதலில் குனிந்து பார்ப்பது என்ஜினுக்கு அடியில் இருக்கும் கறுப்பு பிளாஸ்டிக் தட்டை. ஆயில் மாற்றும்போது அதைக் கழற்றி, மீண்டும் பூட்டாமலே விட்டுவிடுவது பட்டறைகளில் நடப்பதுதான். அது வெறும் சேறு தடுப்பான் அல்ல. முன்வாயில் நுழையும் காற்றை ரேடியேட்டர் வழியே போகச் செய்வது அதுதான். தட்டு இல்லையென்றால் காற்று அடிவழியாகத் தப்பிவிடும். என் கார் என் கைக்கு வந்தபோது அந்தத் தட்டு இல்லை. தேடி வாங்கிப் பூட்டிய அன்று, அதே சாலையில் அதே வேகத்தில் ஆறு டிகிரி குறைந்தது.

நெடுஞ்சாலையில் எழுபதுக்குக் கீழே போனால் தெர்மோஸ்டாட் திறந்தபடி சிக்கியிருக்கிறது. ஹீட்டரைச் சூட்டில் வைத்தும் குளிர்ந்த காற்று வந்தால், தண்ணீர் குறைந்திருக்கிறது அல்லது உள்ளே காற்று அடைத்திருக்கிறது. குளிர்ந்த என்ஜினைக் கிளப்பிய உடனே கூலன்ட் சேமிப்புப் புட்டியில் தொடர்ந்து குமிழி வந்தால், சிலிண்டர் ஹெட்டுக்கு அடியில் கசிவைத் தடுக்கும் தகடான ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். சிலிண்டரில் எரிந்த வாயு தண்ணீரில் கலக்கிறதா என்று காட்டும் நீலத் திரவச் சோதனை ஒன்று உண்டு. கலந்திருந்தால் அது மஞ்சளாகும். அதைச் செய்து பார்க்காமல் ஹெட்டைக் கழற்ற யாருக்கும் சம்மதம் தராதீர்கள்.

இந்த என்ஜினின் பிறப்பையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். இதன் மூலம், முன்சக்கர இயக்கமுள்ள மாஸ்டா 323 காரில் குறுக்குவாட்டில் இருந்த என்ஜின். அதை நீளவாக்கில் திருப்பி எம்எக்ஸ்-5 காரில் வைத்தபோது, தண்ணீர் வெளியேறும் வாயை முன்புறத்துக்கு மாற்றினார்கள். தண்ணீர் முன்னால் நுழைந்து முன்னாலேயே வெளியேறுகிறது. பின்பக்கம் உள்ள நான்காவது சிலிண்டருக்கு ஹீட்டர் குழாய் வழியே போகும் ஓட்டம்தான் பெரிய துணை. ஆகவே சாதாரணக் காரில் தள்ளிப்போடக்கூடிய ஹீட்டர் குழாய்களை இதில் தள்ளிப்போடக் கூடாது. கை நுழையாத இடம், வேலை சலிப்பூட்டும். ஆனாலும் இரண்டையும் மாற்றிவிடுங்கள். டைமிங் பெல்ட் மாற்றும்போது தண்ணீர் பம்பையும் சேர்த்தே மாற்றுங்கள், வழி ஏற்கெனவே திறந்திருக்கும். ரேடியேட்டரின் மேல் பிளாஸ்டிக் தொட்டி கறுப்பிலிருந்து பழுப்பாக மாறியிருந்தால் அதன் ஆயுள் முடிந்தது என்று எடுத்துக்கொள்ளுங்கள். வெடிக்கும்வரை காத்திருக்காதீர்கள்.

கூலன்ட் மாற்றும் வேலையில் அவசரம் ஆகாது. கனிமம் நீக்கிய தண்ணீரும் கூலன்டுமாக மொத்தம் 6 லிட்டர் கொள்ளும். காரின் மூக்கு உயரும்படி முன்பக்கத்தைத் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஹீட்டரை முழுச் சூட்டில் வையுங்கள். மூடியைத் திறந்துவைத்து மெதுவாக ஊற்றி, என்ஜினைக் கிளப்பி, மேல் குழாயைக் கையால் அமுக்கி அமுக்கி விடுங்கள். ஒவ்வோர் அமுக்கலுக்கும் ரேடியேட்டர் வாயில் குமிழிகள் மேலெழும். பிறகு மட்டம் திடீரென்று ஓர் அங்குலம் இறங்கும். அப்போது தெர்மோஸ்டாட் திறந்துவிட்டது, மேல் குழாய் கையைச் சுடும். கையை எடுத்துவிட்டு நிரப்புங்கள். குமிழி நின்றதும் மூடியைப் பூட்டி, ஃபேன் இரண்டு முறை ஓடி நிற்கும்வரை காத்திருங்கள். எனக்கு இது முக்கால் மணி நேரம் எடுக்கிறது. பத்து நிமிடத்தில் முடித்துக்கொடுத்த பட்டறை ஒன்றில் உள்ளே காற்றை விட்டுவிட்டார்கள். அன்று மாலையே எண் 108ஐத் தொட்டது.

சாலையில் எண் 105ஐத் தாண்டினால் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுச் சூட்டிலும் முழு வேகத்திலும் வையுங்கள். 2020 ஜனவரி 4 அன்று மலையடிவாரத்தில் உள்ள பென்ரித்தில் 48.9 டிகிரி பதிவானது. அப்படிப்பட்ட நாளில் இது சித்திரவதைதான். ஆனால் ஹீட்டரும் ஒரு சிறிய ரேடியேட்டர், நான்காவது சிலிண்டரின் சூட்டை அதுதான் முதலில் வாங்கும். அப்படியும் 112ஐ நோக்கி ஏறினால் நிறுத்தி என்ஜினை அணையுங்கள். அணைத்தபின் பம்ப் நிற்பதால் வெப்பம் சிறிது ஏறும், அது இயல்பு. கூலன்ட் ஒழுகவில்லை என்றால் சாவியை மட்டும் ஆன் நிலைக்குத் திருப்பி, ஃபேனை ஓடவிடலாம். மூடியைத் தொடாதீர்கள். குறைந்தது முக்கால் மணி நேரம் கழித்து, மேல் குழாயை அமுக்கினால் மெத்தென்று இருந்தால்தான் திறக்க வேண்டும். சூடான என்ஜினில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால் ஹெட் விரிசல் விடலாம்.

வீடு திரும்பிய மறுநாள் காலை, என்ஜின் முழுதும் ஆறியிருக்கும்போது, சேமிப்புப் புட்டியில் மட்டத்தைப் பாருங்கள். எஃப், எல் என்ற இரண்டு கோடுகளுக்கு நடுவே இருக்க வேண்டும். நான் புட்டியின் வெளிப்புறத்தில் மார்க்கர் பேனாவால் கோடு போட்டு, பக்கத்தில் தேதியும் எழுதி வைக்கிறேன். இரண்டு வாரத்தில் கோட்டுக்குக் கீழே விரற்கடை அளவு இறங்கியிருந்தால், அடுத்த மலைப்பயணத்துக்கு முன் ஒவ்வொரு குழாய்க்கும் டார்ச் அடித்துப் பார்க்கிறேன். பின்பக்கத்து ஹீட்டர் குழாயிலிருந்துதான் தொடங்குவேன்.